அம்மனுக்கு அரைப்புள்ளி

அருப்புக்கோட்டை தாலுகா சதுரங்கக் கழகத்தின் தலைவர் பொன்னுச்சாமிக்குச் சதுரங்கம் தெரியாது. இதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வார்கள்? போட்டி நடப்பது அவருடைய கல்யாண மண்டபத்தில். காய்களும் கடிகாரங்களும் அவர் வாங்கிக் கொடுத்தவை. மத்தியானச் சாம்பார் சாதம் அவர் உபயம். வருஷா வருஷம் போட்டியைத் தொடங்கிவைக்கும்போது முதல் பலகையில் ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டுப் போட்டோவுக்குச் சிரிப்பார். போன வருஷம் சிப்பாயை மூன்று கட்டம் தள்ளிவிட்டார். அந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த தபால் ஆபீஸ் கிளார்க் மரியாதை தெரிந்த மனிதர். போட்டோ எடுத்து முடியும்வரை பேசாமலிருந்து, தலைவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

காய் நகர்த்த வராவிட்டால் என்ன, பேச வரும். மைக்கைக் கையில் கொடுத்தால் கரண்டு போனால்தான் இறங்குவார். அதற்கும் மண்டபத்தில் ஜெனரேட்டர் போட்டிருந்தார். பஞ்சு மில், மண்டபம், சதுரங்கம் போக மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பதவியும் அவரிடம்தான். போட்டியின் கடைசி இரண்டு ஞாயிறும் பங்குனிப் பொங்கலுக்குள் வந்துவிட்டதால் அவர் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு ஏறியிருந்தது. காப்புக் கட்டினால் கவுச்சி கூடாது, செருப்பு கூடாது, பொய் கூடாது. முதல் இரண்டையும் பொன்னுச்சாமி கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடித்தார்.

போட்டி ஐந்து ஞாயிற்றுக்கிழமை நடக்கும், ஞாயிறுக்கு ஓர் ஆட்டம். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரை, வராவிட்டால் பூஜ்யம். முடிவில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். முதலிடம் எப்போதும் போலத் தபால் ஆபீஸ் கிளார்க்குக்கு. அதில் தலைவருக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாமிடம் இந்தத் தடவை அக்கா மகன் மருதுபாண்டிக்கு என்று முடிவாகிவிட்டது. ஆடி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. காரியாபட்டியில் பெண்வீட்டாரிடம் மாப்பிள்ளை 'ஸ்டேட் பிளேயர்' என்று சொல்லியாயிற்று. பிளெக்ஸும் அடித்தாயிற்று. 'மாநிலத்தை வெல்லப் புறப்பட்ட எங்கள் மருதுவே!' அதில் மருதுபாண்டி கோட்டுப் போட்டுக் கன்னத்தில் விரல் வைத்து யோசிக்கிறான். அவனைவிட மூன்று பங்கு பெரிதாகத் தாய்மாமன் போன் பேசிக்கொண்டே நடந்து வருகிறார். பிளெக்ஸைச் சுருட்டிச் சமையல்கட்டில் அண்டாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள்.

இதற்கு இடைஞ்சலாக ஒரு பிள்ளை இருந்தது. முருகலட்சுமி. நரிக்குடிப் பக்கம். அப்பா இருளப்பசாமி குட்டியானை வண்டியில் லோடு அடிக்கிறவர். பிள்ளை அருப்புக்கோட்டைக் கல்லூரியில் கடைசி வருஷம். மாநிலப் போட்டிக்குப் போய்விட்டால் விளையாட்டுக் கோட்டாவில் மேற்படிப்புக்கு இடம் உறுதி. இல்லையென்றால் மேற்படிப்பே இல்லை. போன இரண்டு வருஷமும் மூன்றாமிடம். விளையாடும்போது மடியில் பொரிகடலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரை வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். பொன்னுச்சாமிக்கு அந்தப் பார்வை பிடிக்காது.

இரண்டாவது ஞாயிறுதான் அரைப்புள்ளி பிறந்தது.

"டீச்சர், நம்ம மருதுவுக்கு வயிறு சரியில்ல. நேத்து ராத்திரியிலருந்து ஒரே போக்கு. இன்னைக்கு வர மாட்டான்" என்றார் பொன்னுச்சாமி.

நாகஜோதி மல்லாங்கிணற்றில் கணக்கு டீச்சர். முறையாகப் பரீட்சை எழுதி நடுவரானவள். "வரலைன்னா பூஜ்யம் சார்."

"என்ன டீச்சர், ஆம்பளைப் பிள்ளை எந்திரிக்க முடியாமக் கெடக்கான், பூஜ்யம்ங்கிறீங்க? வெளிநாட்டுல எல்லாம் சொகமில்லாதவனுக்கு அரைப்புள்ளி குடுக்கிறானாம்ல?"

"சில போட்டியில உண்டு சார். ஆனா அதை மொதல்லயே விதியில வச்சிருக்கணும்."

"இப்ப வச்சாப் போச்சு."

மைக் வந்தது. பொன்னுச்சாமி மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசினார். உடம்பு என்பது ஆண்டவன் கொடுத்தது, அது படுத்துக்கொண்டால் அறிவு என்ன செய்யும் என்று கேட்டார். இனிமேல் நோய்வாய்ப்பட்ட வீரருக்கு அரைப்புள்ளி உண்டு, டாக்டர் சர்டிபிகேட் மட்டும் போதும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். பேசி முடித்த கையோடு தலைவர் காரில் ஏறிக் காரியாபட்டிக்குப் போனார். அங்கே பெண்பார்க்கும் வீட்டில், கடும் வயிற்றுப்போக்குக்காரன் மூன்றாவது வாழைக்காய் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான். தாய்மாமன் முறைக்குப் பொன்னுச்சாமியும் கேசரி சாப்பிட்டார். அன்று சாயங்காலமே அந்தப் போட்டோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது.

மறுவாரம் நாகஜோதி கேட்டது ஒன்றுதான். "வயிறு தேவலையா மருதுபாண்டி? பஜ்ஜி ஒத்துக்கிருச்சா?"

நான்காவது ஆட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, மில் வாசலில் குட்டியானை வந்து நின்றது. இருளப்பசாமி செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வெயிலில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார்.

"அய்யா, பிள்ளைக்கு அம்மா எறங்கிருக்கா."

பொன்னுச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்பினார். காப்புக் கட்டிய கை அது. அம்மை போட்ட வீட்டுக்காரர் வந்து நின்றால் அம்மனே வந்து நிற்கிற மாதிரி. "எப்பருந்து?"

"வியாழக்கெழம முத்துப் பாத்தம்யா. மூஞ்சி, முதுகு எல்லாம் பூத்திருக்கா. வேப்பெலை விரிச்சுப் படுக்கப் போட்டிருக்கு. நாளைக்கு ஆட்டத்துக்கு வர ஏலாது. மூணும் ஜெயிச்சிருக்கு அய்யா. அந்த அரைப்புள்ளி..."

பொன்னுச்சாமிக்குள் ஏதோ ஒன்று சட்டென்று எரிந்தது, மின்சாரம் வந்ததும் டியூப்லைட் எரிகிற மாதிரி. கணக்கு அவருக்கு மெதுவாகத்தான் வரும். வந்தால் நல்ல கணக்காக வரும். அந்தப் பிள்ளைக்கு மூன்று. அரை கொடுத்தால் மூன்றரை. கொடுக்காவிட்டால் மூன்றிலேயே நிற்கும். மருதுவுக்கு இப்போது இரண்டரை, நாளைக்கு ஜெயித்தால் மூன்றரை.

"இருளப்பா, அரைப்புள்ளி யாருக்கு?"

"சொகமில்லாதவுகளுக்குங்கய்யா."

"அப்ப உன் மகளுக்கு நோய்ங்கிற."

இருளப்பசாமி பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அய்யய்யோ, அப்படிச் சொல்லுவேனாய்யா! தாயி வந்திருக்கா."

"தாயி வந்திருக்கான்னா நோயில்ல. நோயில்லன்னா அரைப்புள்ளி எதுக்கு?"

இருளப்பசாமி தோள் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார். "டாக்டரு சர்டிபிகேட்டு..." என்றார்.

"அம்மை போட்ட பிள்ளையை எவனாச்சும் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவானா? ஊசி போட்டு ஆத்தாளைத் தொரத்தச் சொல்றியா? பொங்கச் சாட்டியிருக்கு, கையில காப்போட நிக்கேன், எங்கிட்ட வந்து இதைக் கேக்கிறியே!"

மனிதர் மேலும் இரண்டு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொன்னுச்சாமிக்கு அன்று தன்னையே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மனையும் காப்பாற்றி, மருமகனையும் காப்பாற்றி, ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டு நாம் ஏன் பஞ்சு வாங்கி விற்கிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இவ்வளவு நல்ல வாக்கியத்தை மில் வாசலோடு விட முடியுமா? மறுநாள் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தார். நாகஜோதி, "சார், அது வைரஸ்னால வர்ற..." என்று தொடங்கியதும் கையை உயர்த்தினார். காப்பு எல்லோருக்கும் தெரிந்தது.

"டீச்சர், வாயை அளந்து பேசணும். எல்லாரும் கேட்டுக்கங்க. அம்மை நோயல்ல! அது அன்னையின் வருகை! உலகத்தைக் காக்கிறவ ஒரு பிள்ளை உடம்புல வந்து ஒக்காந்திருக்கா. அதுக்கு அரைப்புள்ளி குடுத்தா என்ன அர்த்தம்? அவளை நோயின்னு இந்தக் கழகம் எழுதிக் குடுத்ததா ஆகாதா? இந்தப் பொன்னுச்சாமி உசுரோட இருக்கிறவரை அது நடக்காது!"

சமையல்கட்டிலிருந்து மண்டபத்துச் சமையல்காரி வெள்ளைத்தாய் கரண்டியோடு வந்து குலவை போட்டாள். அவளைப் பார்த்து மற்ற பெண்களும் போட்டார்கள். எவனோ ஒருத்தன் படம் பிடித்து எல்லாக் குரூப்பிலும் அனுப்பினான். பொன்னுச்சாமி அதை ராத்திரி படுக்கையிலும் ஒருதரம் போட்டுக் கேட்டார். குரல் நன்றாக விழுந்திருந்தது.

முருகலட்சுமிக்குப் பூஜ்யம். மருதுபாண்டி ஜெயித்தான். ஐந்தாவது ஆட்டத்துக்கு ஜோடி சேர்த்தபோது, அவனும் அவளும் நேருக்கு நேர் விழுந்தார்கள். மற்றவர்களெல்லாம் பின்னால் கிடந்தார்கள். கிளார்க் எப்போதும் போல முதலிடத்தில் இருந்தார். ஆக இரண்டாமிடம் இந்தப் பலகையில்தான். மருதுவுக்கு டிரா போதும். அந்தப் பிள்ளை ஜெயித்தே ஆக வேண்டும். வந்தால்தானே ஜெயிக்க? பொன்னுச்சாமி பிளெக்ஸை எடுத்துத் தூசி தட்டச் சொன்னார்.

ஐந்தாவது ஞாயிறு காலை முருகலட்சுமி வந்தாள்.

அம்மை தணிந்து, தலைக்கு மூன்று தண்ணி ஊற்றி முடிந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள். முகமெல்லாம் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் காய்ந்த தடம். தலையில் ஒரு கொத்து வேப்பிலை. கையில் பொரிகடலைப் பொட்டலம். வாசலில் நின்றதும் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மீதிப் பேர் கைகூப்பிக்கொண்டே பின்னால் போனார்கள்.

வெள்ளைத்தாய் ஓடிவந்து காலில் விழுந்தாள். "தாயி, எம்மக வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது. என்னன்னு ஒரு வாக்குச் சொல்லுத்தா."

"அக்கா, எந்திரிங்க. நான் ரெண்டாவது போர்டுக்கு வந்திருக்கேன்."

"ரெண்டாவதுங்கிறாளே! ரெண்டாவது மாசம் நிக்குமாம்!" என்று வெள்ளைத்தாய் குலவை போட்டாள்.

பொன்னுச்சாமி பக்திப் பரவசத்தோடு நான்கடி பின்வாங்கி ஏசி பக்கத்தில் போய் நின்றார். அதற்குள் மருதுபாண்டியின் அம்மா ராக்கம்மாள் சேலையை வாயில் பொத்திக்கொண்டு வந்துவிட்டாள். மகன் மாநிலத்தை வெல்வதைப் பார்க்கப் பட்டுச்சேலையில் வந்திருந்தவள்.

"ஏலே பொன்னு, அது முன்னால எம்பிள்ளையை ஒக்கார வைக்கப் போறியா? வைகாசியில கல்யாணம் வச்சிருக்கு. மூஞ்சியில குழி விழுந்தா அந்தப் பொண்ணு வீட்டுக்காரன் எந்த மூஞ்சியைப் பாத்துப் பொண்ணு குடுப்பான்? இவனுக்குச் சின்னதுலயும் போடல."

"மெதுவாப் பேசுக்கா. மைக் ஆன்ல இருக்கு."

முருகலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புக் காய் அவளுக்கு. மருதுபாண்டி பலகைக்கு ஒரு மாட்டுவண்டி தூரத்தில் நின்றான்.

"வாங்கண்ணே. எல்லாம் உதிந்திருச்சு. காலேஜ் நர்ஸம்மாட்ட காமிச்சுக் கேட்டுட்டுத்தான் வாரேன். இனிமே யாருக்கும் வராதாம்."

"நீ ஆடு, நான் இங்கருந்து சொல்றேன். யாராச்சும் என் காயை நகத்தட்டும்" என்றான் மருதுபாண்டி.

"அதுக்கு விதி இல்ல" என்று நாகஜோதி கடிகாரத்தை அழுத்தினாள். "அரை மணி நேரத்துக்குள்ள வந்து ஒக்காரலைன்னா பூஜ்யம்."

பொன்னுச்சாமி டீச்சரை ஓரமாக அழைத்தார். "டீச்சர், பிள்ளை எளச்சுப்போய் இருக்கு. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்களேன். பாவமா இருக்கு."

"எதுக்கு சார்? அதுக்கு நோயில்லைன்னு நீங்கதான மைக்ல சொன்னீங்க. நோயில்லாத பிள்ளையை நான் எப்படி வெளிய அனுப்ப?"

"சரி, அப்ப மருதுவுக்கு அரைப்புள்ளி போடுங்க. அவனுக்கு இன்னைக்கு ஒரு... ஒரு மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி சார்?"

"இந்தப் பிள்ளை பக்கத்துல ஒக்காந்தா ஒட்டிக்கிரும்ல. ஒடல்நலம் கருதி..."

"எது ஒட்டிக்கிரும்?"

பொன்னுச்சாமி வாயைத் திறந்தார். நான்கு பெண்கள் கைகூப்பி முருகலட்சுமியைச் சுற்றி நின்றார்கள். அதில் இரண்டு பேர் திரும்பி இவரைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

நாகஜோதி குரலைத் தாழ்த்தவில்லை. "அம்மை ஒட்டுற நோயின்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க சார். உங்க மருமகனுக்கு அரைப்புள்ளி போடுறேன், நாலு ஆகும். அப்ப இந்தப் பிள்ளைக்கும் போன வாரத்துக்கு அரை குடுக்கணும். இன்னைக்கு எதிராளி இல்லாததுக்கு ஒண்ணு. ஆக நாலரை. அதான் போகும் ஸ்டேட்டுக்கு. நோயில்லைன்னு சொன்னீங்கன்னா உங்க மருமகன் ஒக்காந்து ஆடட்டும். எது சௌரியம்?"

பொன்னுச்சாமி கூட்டிப் பார்த்தார். கழித்துப் பார்த்தார். போன ஞாயிறு அவ்வளவு அழகாக இருந்த வாக்கியம் இப்போது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. கவுச்சி தொடாத மாதத்தில் மீன்முள்! அந்தப் பிள்ளைக்குப் பேசாமல் அரைப்புள்ளியைக் கொடுத்துத் தொலைத்திருந்தால், இன்று 'நோய், வெளியே போ' என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம்.

மருமகனிடம் போனார். "மருது, போய் ஒக்காருடா. டிரா பண்ணிட்டு வந்துரு. மாஸ்க் போட்டுக்க. கையுறை வாங்கியாரச் சொல்றேன்."

"மாமா, நீங்க வேணா பக்கத்துல ஒக்காந்து தைரியம் சொல்லுங்க. நானும் ஒக்காருறேன்."

பொன்னுச்சாமிக்கும் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை. "எனக்குக் கோயில்ல வேலை கெடக்கு" என்றார்.

"தர்மகர்த்தா மருமகனே ஆத்தாளைக் கண்டு ஓடுறாரு, நல்லாருக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொருத்தி, "தர்மகர்த்தாவும்தான் ஏசிகிட்ட போயி நின்னுக்கிட்டாரே" என்றாள்.

இது பொறுக்காமல் பொன்னுச்சாமி மைக்கைப் பிடித்தார். ஏதாவது வந்துவிடும் என்று நினைத்தார், எப்போதும் வந்துவிடும். "அன்பர்களே... அம்மை என்பது..." எல்லோரும் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருத்தன் போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கினான். காப்புக்கு அடியில் மணிக்கட்டு வேர்த்தது. "அம்மை என்பது... என்னவென்றால்..."

வாழ்க்கையில் முதல் தடவையாக, கரண்டு இருக்கும்போதே பொன்னுச்சாமி மைக்கைக் கீழே வைத்தார்.

கடிகாரம் ஓடியது. முருகலட்சுமி பொரிகடலையைக் கொறித்துக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோலவே. ஒருதரம் மட்டும், "அண்ணே, ஒரு சிப்பாயாச்சும் நகத்திட்டுப் போங்க. ஆடித் தோத்தோம்னாவது இருக்கும்" என்றாள். மருதுபாண்டி ஓரடி முன்னால் வைத்தான். ராக்கம்மாள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மாநிலத்தை வெல்லப் புறப்பட்டவன் பின்வாசல் வழியாகப் போய்ச் சேர்ந்தான்.

நாகஜோதி கடிகாரத்தை நிறுத்தினாள். "மருதுபாண்டிக்குப் பூஜ்யம். முருகலட்சுமிக்கு ஒண்ணு. நாலு புள்ளி, ரெண்டாமிடம்."

வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற இருளப்பசாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சார்" என்றாள் முருகலட்சுமி, "ஜெயிச்சுட்டேன், சந்தோசம்தான். ஆனா அந்த அரைப்புள்ளி எனக்கு வரவேண்டியதுதான? பஜ்ஜி தின்ன ஆளுக்குக் குடுத்தீங்கள்ல."

தலைவருக்குக் காது கேட்கவில்லை.

கோப்பை வழங்காமல் தப்ப முடியாது. போட்டோக்காரனை வரச்சொன்னவரே அவர்தான். கிளார்க்குக்குக் கைகுலுக்கிக் கொடுத்தார். இரண்டாவது கோப்பையை இரண்டு விரல் நுனியால் அடியில் பிடித்து, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். முருகலட்சுமி வாங்கிக்கொண்டாள். அப்புறம் தலையிலிருந்து ஒரு வேப்பிலைக் கொழுந்தைக் கிள்ளி நீட்டினாள்.

"பிரசாதம் சார்."

மண்டபம் முழுக்கக் கைகூப்பி நின்றது. வெள்ளைத்தாய் குலவைக்கு நாக்கைத் தயாராக வைத்திருந்தாள். பொன்னுச்சாமி அந்த இலையைப் பார்த்தார்; காப்பைப் பார்த்தார்; கதவைப் பார்த்தார். பிறகு வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி வாயில் போட்டு மென்றார். கொழுந்துதான், ஆனாலும் கசந்தது. போட்டோவில் அவர் சிரிப்பதுபோல்தான் இருக்கிறது.

அப்புறம் பதினைந்து நாள் பொன்னுச்சாமி தினமும் காலையில் சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் முதுகைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. முருகலட்சுமி மாநிலப் போட்டிக்குப் போன அன்று, அடுத்த வருஷத்திலிருந்து யாருக்கும் எதற்கும் அரைப்புள்ளி கிடையாது என்று தலைவர் கழகத்துக்கு அறிவித்தார். மைக் இல்லாமல், வாட்ஸ்அப்பில்.

பிளெக்ஸ் வீணாகவில்லை. சித்திரை வெயிலுக்கு வெள்ளைத்தாய் அதை மண்டபத்து மொட்டைமாடியில் விரித்துக் கூழ்வத்தல் ஊற்றினாள். மருதுபாண்டியின் கன்னம், விரல், கோட்டு, போன் பேசிக்கொண்டே நடந்து வருகிற தாய்மாமனின் நெற்றி, மூக்கு, கழுத்து எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாக, உருண்டை உருண்டையாக முத்துப் போட்டு நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.